கையிலே ஓலை, காதிலே கதை

பருத்தித்துறை என்னும் ஊர்ப்பெயருக்குள் ஒரு கைத்தொழில் அடங்கிக் கிடக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள இத்துறைமுகப் பட்டினத்தை, கடல்வழி வந்த போர்த்துக்கேயர் அங்குள்ள பாறைகளைக் கண்டு 'கற்களின் முனை' எனத் தம் மொழியிற் குறித்தனர். அதுவே திரிந்து ஆங்கிலத்தில் 'பொயின்ற் பெட்ரோ' என நிலைத்தது. தமிழ்ப் பெயரோ பருத்தியைச் சொல்கின்றது. பருத்தி ஏற்றி இறக்கிய துறையாதலின் அப்பெயர் பெற்றது என்பர்.

பருத்தியிலிருந்து பிறப்பது நூல். புலவர் இயற்றுவதும் நூல். ஒரே சொல் இருபொருளைத் தாங்கி நிற்பதைத் தமிழிலக்கண ஆசிரியர் கவனியாமல் விடவில்லை. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் அறிவை நூற்கும் கதிராகவும் வைத்து ஓர் உவமை கூறுகின்றார். கையும் வாயும் அங்கே ஒன்றற்கொன்று ஈடாக நிற்கின்றன. நூற்கும் பெண்ணை அருகிருந்து பார்த்தறியாதவர்க்கு இவ்வுவமை தோன்றியிராது. கை ஓர் இழையைப் பற்றியிருக்கும்போது காது வேறோர் இழையைப் பற்றிக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. கைவேலை செய்துகொண்டே கதை கேட்கும் அந்த வழக்கத்தைப் பற்றியது இப்பேச்சு.

பருத்தி நூற்பு இன்று வடமராட்சியின் அடையாளமாக இல்லை. அதன் இடத்திற் பனை நிற்கின்றது. குருத்தோலையைச் சார்ந்த தொழில் பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கின்றது. பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி, அரிசி புடைக்கும் சுளகு, நெல்லும் மண்ணும் சுமக்கும் கடகம், பனங்கட்டி இடும் குட்டான், படுக்கும் பாய் என வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் பலவற்றை அவ்வோலை தந்தது. பிளாத்திக்குப் பொருள்கள் அவற்றுட் பலவற்றைத் தள்ளிவிட்டன எனினும், நீற்றுப்பெட்டியும் சுளகும் இன்னும் அடுக்களையை விட்டு நீங்கவில்லை. புராணம் எழுதப்பட்ட ஏடும் இம்மரத்தின் ஓலையே என்பதை நினைக்கும்போது, கதைக்கும் பெட்டிக்கும் உள்ள உறவு இன்னும் நெருங்கியதாகத் தோன்றும்.

பெட்டி இழைக்கும் வேலையைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். ஏனெனில் அதன் எப்பகுதியிற் கதை பொருந்தும், எப்பகுதியிற் பொருந்தாது என்பது வேலையின் அமைப்பைப் பொறுத்தது. குருத்தோலையை வெயிலிற் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, சத்தகம் என்னும் சிறு கத்தியினால் ஒரே அகலமுள்ள கீற்றுகளாக வார்ந்தெடுப்பர். அகலம் பிசகினாற் பெட்டி கோணும். சத்தகம் பிசகினால் விரல் போகும். எனவே வார்தல் கண்ணுக்குரிய வேலை. அடுத்து அடி தொடங்குதல். கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, எண்ணி, சதுரம் பிறழாமற் கோத்தல் வேண்டும். ஓர் இழை தவறினால் அத்தவறு விளிம்புவரை ஏறிவரும். அதன்பின் மூலை மடித்து, பக்கச் சுவரை உயர்த்துதல். இங்கே வந்தவுடன் வேலையின் இயல்பு மாறிவிடுகின்றது. மேலொன்று கீழொன்றாக விரல்கள் தாமாகவே செல்கின்றன. பழகிய பெண்ணொருத்தி தெருவிற் போவோரைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் இழைத்துவிடுவாள். பெட்டியை அவள் பார்ப்பதில்லை. இந்த அரைமணி நேரமே கதைக்குரிய நேரம்.

அக்கதையைச் சொல்வது இன்று பெரும்பாலும் ஒரு கைத்தொலைபேசி. நூலொன்றை முழுவதுமாக ஒருவர் வாசித்துப் பதிவுசெய்து வைத்தால் அதனை ஒலிநூல் என்கின்றோம். கல்கியின் நாவல்கள் பம்பாய் கண்ணன் போன்றோரின் முயற்சியால் ஒலிநூலாகியுள்ளன. விக்கிரமாதித்தன் கதை, அராபிய இரவுக் கதைகள், மேல்நாட்டு மாயக்கதைகள் ஆகியனவும் பலர் குரலிற் கிடைக்கின்றன. கருவி புதிது. கேட்கும் முறையோ மிகப் பழையது.

யாழ்ப்பாணத்திற் கதை கேட்டலுக்கு இரண்டு பள்ளிகள் இருந்தன. ஒன்று கோயில் மண்டபம். அங்கே கந்தபுராணம் படிக்கப்படும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். கச்சியப்ப சிவாசாரியாரின் அந்நூல் 6 காண்டங்களில் 10,345 செய்யுட்களைக் கொண்டது. நாள்தோறும் சிறிது சிறிதாகப் படித்தாலன்றி முடியாது. படைகளை மயக்கிச் சிறையிடும் கிரவுஞ்சமலை, வெட்ட வெட்டத் தலை முளைக்கும் சிங்கமுகன், கடல் நடுவே மாமரமாய் நின்ற சூரன் என அதன் நிகழ்ச்சிகளை முதியோர் பக்தியோடு கேட்டனர்; மடியிலிருந்த சிறுவர் வாய்திறந்து கேட்டனர். எழுத்தறியாத ஒருவர் இக்காவியத்தின் கிளைக்கதைகளை ஒன்றுவிடாமல் அறிந்திருப்பது இந்நாட்டிற் புதுமையன்று. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தின் வாழ்வு முறையையே 'கந்தபுராண கலாசாரம்' என்று பெயரிட்டு அழைத்தார்.

ஆயினும் கோயில் மண்டபத்திற் கை சும்மா இருக்கும். கை ஓயாது வேலைசெய்ய, காது மட்டும் கதைக்கு ஒதுக்கப்பட்ட மற்றொரு பள்ளி சுருட்டுக் கொட்டில். புகையிலை யாழ்ப்பாணத்தின் பணப்பயிராக விளங்கிய காலத்தில், ஓலைக் கூரையின்கீழ் வரிசையாக அமர்ந்து சுருட்டுச் சுற்றிய தொழிலாளர் நடுவில் ஒருவர் உரத்த குரலில் வாசித்துக்கொண்டிருப்பார். காலையிற் பத்திரிகை, பின்னர் தொடர்கதை. பெரிய எழுத்திலே அச்சான விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராசன் கதை, அல்லி அரசாணி மாலை முதலியனவும் இவ்வாறு உரக்க வாசித்தற்கென்றே அமைந்த புத்தகங்கள் போல இருந்தன. சுருட்டுச் சுற்றுதல் விரல் நுனியின் வேலை. புகையிலையின் ஈரத்தையும் இறுக்கத்தையும் விரலே அறியும். கண்ணுக்கு அங்கே பெரிய அலுவல் இல்லை. வாய்க்கும் இல்லை. காது முழுவதும் ஒழிந்திருந்தது.

இந்த வழக்கம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. கேரளத்திலே கண்ணூர்ப் பகுதிப் பீடித் தொழிலாளர் தம்முள் ஒருவரை வாசிப்பவராக நியமித்து, அவர் சுற்றவேண்டிய பீடிகளைத் தாங்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தனர். 1969இல் உருவான தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் அவ்வழக்கம் தொடர்ந்தது. கடல்களுக்கு அப்பால், கியூபா நாட்டின் அவானா நகரில், 1865ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் 'எல் பிகாரோ' என்னும் சுருட்டுத் தொழிற்சாலையில் முறையான வாசிப்புத் தொடங்கியது. வாசிப்பவருக்குக் கூலி கொடுத்தவர் முதலாளி அல்லர். தொழிலாளரே தம் கூலியிலிருந்து கொடுத்தனர். எந்த நூலை வாசிப்பது என்பதையும் அவர்களே வாக்களித்துத் தீர்மானித்தனர். அவர்கள் விரும்பிக் கேட்ட பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமாவின் கதையொன்றின் நாயகன் பெயராலேயே 1935இல் 'மொந்தே கிறிஸ்தோ' என்னும் சுருட்டு வகை தோன்றியது.

கதை கேட்பது அத்துணை எளிய செயலாயின் அதனைத் தடுக்க எவரும் முற்பட்டிரார். ஆயின் அவானாவில் வாசிப்புத் தொடங்கி 6 மாதம் நிறையுமுன்னரே, 1866இல், கியூபாவை ஆண்ட ஸ்பானிய அரசு அதனைத் தடைசெய்தது. கதையோடு பத்திரிகையும், பத்திரிகையோடு உரிமை பற்றிய எண்ணமும் தொழிலாளர் காதில் விழும் என்ற அச்சமே காரணம். தடை நிலைக்கவில்லை, வாசிப்பு மீண்டும் வந்தது. அமெரிக்காவிலே கியூபத் தொழிலாளர் குடியேறிய தம்பா நகரில் 1931இல் முதலாளிகள் வாசிப்பவரின் மேடையை அகற்றினர். தொழிலாளர் வேலையை நிறுத்தி வெளியேறினர். இறுதியில் அம்மேடை இருந்த இடத்திற் கொண்டுவந்து வைக்கப்பட்டது யாது? வானொலிப்பெட்டி. வானொலியின் புகழை வானொலியிற் பேசுவோர் இச்செய்தியையும் மறைக்காமற் சொல்லுதல் முறை. வாசிப்பவரை நோக்கி 'அந்தப் பகுதியை இன்னொருமுறை வாசி' என்று கேட்கலாம்; பெட்டியைக் கேட்க முடியாது. கியூபாவில் மட்டும் அத்தொழில் அழியவில்லை. அங்கே சுருட்டு மண்டபங்களில் வாசிப்பவர்கள் இன்றும் உளர்.

கையும் காதும் ஒரே வேளையில் இருவேறு அலுவல்களைப் பார்ப்பது எவ்வாறு இயலும்? இவ்வினாவைப் பருத்தித்துறை அயலில் எழுப்பும்போது ஒரு பெரியார் நினைவுக்கு வருவார். பருத்தித்துறையை அடுத்த புலோலியிற் பிறந்து சென்னையிலே புகழ்பெற்ற நா. கதிரைவேற்பிள்ளை, தமிழுக்கு ஓர் அகராதி தந்தவர், திரு. வி. கலியாணசுந்தரனாரின் தமிழாசிரியர், 1907இல் மறைந்தவர். அவரைச் 'சதாவதானி' என்றே உலகம் அழைத்தது. அவதானமாவது, ஒருவர் செய்யுளுக்கு ஈற்றடி கொடுக்க, ஒருவர் கணக்குக் கேட்க, ஒருவர் முதுகிலே கல்லெறிய, ஒருவர் மணியடிக்க, அத்தனையையும் மனத்திற் கொண்டு தவறாமல் விடைகூறும் வித்தை. நூறு பொருள்களில் அவ்வாறு கவனம் செலுத்த வல்லவர் சதாவதானி. அது கோடியில் ஒருவர்க்குக் கைவருவது. பெட்டி இழைத்துக்கொண்டே கதை கேட்கும் பெண்ணோ எவ்வகை அவதானமும் பயின்றவள் அல்லள். அவள் செய்வது வேறு. இரண்டில் ஒன்றைக் கவனத்துக்கு வெளியே அனுப்பிவிடுகின்றாள். பல்லாண்டுப் பழக்கம் விரலுக்குள் இறங்கிவிட்டபடியால், இழைப்பதற்கு மனம் வேண்டியதில்லை. மனம் முழுவதும் கதைக்குக் கிடைக்கின்றது. சதாவதானி நூறையும் மனத்தில் ஏற்றினார். இவள் ஒன்றை இறக்கி வைத்தாள்.

மனநூலார் இதனைச் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ புரூக்ஸ் என்பவர் 1968இல் வெளியிட்ட ஆராய்ச்சி குறிப்பிடத்தக்கது. தடித்த எழுத்து ஒன்றின் வடிவத்தை மனக்கண்ணில் நிறுத்தி, அதன் மூலைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, இம்மூலை மேலோ கீழோ உள்ளதா என விடை கூறும்படி சிலரை அவர் கேட்டார். வாயால் 'ஆம்', 'இல்லை' என்று சொன்னவர்கள் விரைவாக முடித்தனர். தாளில் அச்சிட்ட குறிகளைக் கண்ணாற் கண்டு விரலாற் சுட்டியவர்கள் தடுமாறினர். பின்னர் எழுத்து வடிவத்துக்குப் பதிலாக ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்து, அதன் சொற்களைப் பற்றி விடை கூறச் செய்தார். இம்முறை வாயாற் சொன்னவர்கள் பின்தங்க, சுட்டியவர்கள் முந்தினர். மனத்திலே காட்சிக்கு ஓர் இடமும் சொல்லுக்கு ஓர் இடமும் தனித்தனியே உண்டு. ஒரே இடத்தை இரு வேலைகள் கேட்டால் நெருக்கடி உண்டாகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

மாயக்கதையைக் கேட்பவருக்கு இவ்வாராய்ச்சி ஒரு நுட்பத்தை உணர்த்துகின்றது. சொல்லைக் கேட்பதோடு அவர் வேலை முடிவதில்லை. பறக்கும் குதிரையை, எழு கடலுக்கு அப்பாலுள்ள தீவை, பாதாளத்து மாளிகையை அவர் தம் மனக்கண்ணில் கட்டியெழுப்ப வேண்டும். முன்பின் கண்டறியாத பொருள்களாதலால், ஊர்க்கதை கேட்பவரைக் காட்டிலும் அவருக்கு மனக்கண்ணின் வேலை மிகுதி. அவ்வேளையிற் புறக்கண்ணும் நுணுக்கமான வேலையில் ஈடுபட்டிருந்தால் இரண்டும் மோதுகின்றன. சத்தகத்தால் ஓலை வாரும்போது கதை புரியாமற் போவதும், கதையில் ஆழ்ந்தபோது கீற்றின் அகலம் கெடுவதும் இதனாலேயே ஆகலாம். விரலே வழிகாட்டும் வேலையில் அம்மோதல் இல்லை. பக்கச்சுவர் இழைப்பவளின் கண்முன்னே ஓலை இருந்தும் அவள் கண்ணுக்கு அதிலே அலுவல் இல்லாமையால், அவள் காண்பது தீவையும் மாளிகையையும்.

இன்னொரு சோதனை மறுபக்கத்தைக் காட்டுகின்றது. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஜாக்கி ஆந்திராது என்னும் அம்மையார் 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தியொன்று கேட்பிக்கப்பட்டது. பாதிப்பேர் சும்மா இருந்து கேட்டனர். மற்றையோர் தாளிலுள்ள சிறு வடிவங்களுக்குள் பென்சிலால் நிழல் தீட்டிக்கொண்டே கேட்டனர். பின்னர் எதிர்பாராமல் வினவியபோது, தீட்டியவர்கள் 29 வீதம் அதிகமாக நினைவுகூர்ந்தனர். சும்மா இருக்கும் கை மனத்தையும் இழுத்துக்கொண்டு அலைகின்றது. சிறிய வேலையொன்று அதனைக் கட்டிப்போடுகின்றது. வகுப்பறையிற் கையை அசைக்கும் பிள்ளையை அதட்டும் ஆசிரியர்கள் இதனைக் கேட்டுச் சற்று யோசிக்கலாம்.

விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்த கதையை அறியாத தமிழர் இலர். 1947இல் தோன்றிய 'அம்புலிமாமா' அதனைப் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சென்றது. மன்னன் முருங்கை மரத்திலிருந்து உடலை இறக்கித் தோளிலிட்டு நடக்கின்றான். வழிப்போக்கின் களைப்புத் தெரியாமல் இருக்கட்டும் என்று சொல்லி, வேதாளம் கதை தொடங்குகின்றது. தோளிலே சுமை, காதிலே கதை. அவன் வாய் திறந்து விடை சொன்னவுடன் வேதாளம் பறந்துபோய் மீண்டும் மரத்திலே தொங்குகின்றது; சுமை முதலிலிருந்து தொடங்குகின்றது. கதை கேட்கும் தொழிலாளியின் நிலையை இதனிலும் துல்லியமாகக் கூறிய கதை வேறில்லை எனலாம். கேட்பதால் வேலை நிற்பதில்லை. பேசத் தொடங்கினால் நிற்கும். சுருட்டுக் கொட்டிலில் வாசிப்பின் நடுவே வாக்குவாதம் எழுந்த நாள்களில் எத்தனை சுருட்டுக் குறைந்தது என்பதைக் கணக்கப்பிள்ளையே அறிவார்.

இனி, பழைய மாயக்கதைகள் காதுக்கென்றே எவ்வாறு அமைந்தன என்பதைக் காணுதல் வேண்டும். விக்கிரமாதித்தன் சிங்காசனத்தின் 32 பதுமைகளும் ஏறத்தாழ ஒரே முறையில் மன்னனைத் தடுக்கின்றன. ஒரே முறையிற் கதை தொடங்குகின்றன. ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரே வகையாகப் பறந்து செல்கின்றது. கண்ணால் வாசிப்பவருக்கு இம்மீட்டல் அலுப்பாக இருக்கும். அவர் இரண்டு பக்கங்களைத் தள்ளிவிடுவார். கேட்பவருக்கோ அதுவே இளைப்பாறும் திண்ணை. பெட்டியின் மூலையை மடிக்க வேண்டிய வேளையிற் கவனம் ஒரு கணம் விலகினாலும், மீட்டல் வரும் இடத்தில் மீண்டும் கதைக்குள் ஏறிக்கொள்ளலாம். பெயர்கள் சில, அவை திரும்பத் திரும்ப அடைமொழியோடு வருகின்றன. நல்லவன் யார், தீயவன் யார் என்பதிற் குழப்பமில்லை.

இக்காலத்து மேல்நாட்டு மாயக்கதைகள் பல வேறு வகையின. நூலின் முதற்பக்கத்தில் நிலப்படம் இருக்கும். கடைசியிற் குலவரிசை இருக்கும். நூற்றுக்கணக்கான பெயர்கள் இடையிலே வரும். அவை கண்ணுக்கென எழுதப்பட்டவை. அவற்றை ஒலிநூலாக்கும்போது நிலப்படத்தை வாசிக்க இயலாது. முன்பக்கத்துக்குத் திரும்பிப் பார்க்கவும் இயலாது. இக்குறையை நிரப்ப வல்லது வாசிப்பவரின் குரல் ஒன்றே. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொனி வைத்து அவர் வாசித்தால், பெயரை மறந்தவரும் குரலால் ஆளை அறிவர். இத்தகைய கதைகளுக்கு முன்னோடியான இங்கிலாந்து நாட்டு எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன், 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் முதன்முறையாக ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டார். அதற்குள் பேய் இருந்தால் ஓடட்டும் என்று விளையாட்டாகக் கூறி, வழக்கொழிந்த கோத்திய மொழியில் ஒரு கிறிஸ்தவச் செபத்தை முதலில் ஓதினாராம். பின்னர் தம் கதைகளைத் தாமே வாசித்துப் பதிந்தார். அச்சிட மறுக்கப்பட்டுக் கிடந்த தம் நூலின் சுவையை, அவ்வொலியைத் திரும்பக் கேட்டபோது அவரே மீண்டும் உணர்ந்தார் என்பர்.

ஒலிநூலின் பிறப்பு கைவேலை செய்வோர் பொருட்டு நிகழ்ந்ததன்று. தோமஸ் எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டார். அதன் பயன்களை மறுவருடம் எழுதியபோது, கண்பார்வை இழந்தோர் தாமே கேட்கக்கூடிய புத்தகங்களையும் அவற்றுள் ஒன்றாகக் குறித்தார். அவ்வெண்ணம் நிறைவேற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. முதலாம் உலகப்போரிற் கண்ணிழந்த வீரர் பலர் விரலால் தடவி வாசிக்கும் எழுத்தைக் கற்க இயலாமல் வருந்தினர். அவர்களையும் மனத்திற்கொண்டு இங்கிலாந்தில் 1935இல் 'பேசும் புத்தகம்' தொடங்கப்பட்டது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 25 நிமிடமே அடங்கியது. நாவல் ஒன்றுக்குத் தட்டுகள் பல வேண்டியிருந்தன. கையிலே வேலையுள்ளவர்கள் பின்னாளில் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். பின்னர் நாடாவும் கைத்தொலைபேசியும் வந்தன. அந்த வரலாறு யாவரும் அறிந்ததே.

இலங்கையில் அவ்விடைக்காலத்தை நிரப்பியது வானொலி. 1925இற் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. தமிழ்ச் சேவை வளர்ந்தபின் நாடகமும் 'இசையும் கதையும்' போன்ற நிகழ்ச்சிகளும் வீடுகளுக்குள் வந்தன. 'சானா' எனப் பெயர்பெற்ற சண்முகநாதன் அளித்த நாடகங்களில் யாழ்ப்பாணத்துப் பேச்சு அப்படியே ஒலித்தது. அந்நிகழ்ச்சிகளைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டவர் சிலரே இருப்பர். அடுப்பருகே தேங்காய் துருவியும், முற்றத்திலே வலை பின்னியும், திண்ணையிலே ஓலை இழைத்தும் கேட்டவரே பலர்.

1990களின் நிலை தனியே சொல்லத்தக்கது. போரின் காரணமாகக் குடாநாட்டுக்கு மின்சாரம் பல ஆண்டுகள் இல்லை. மின்கலமும் தடைப்பட்ட பொருள்களுள் ஒன்று. இரவில் யாம் போத்தலுக்குள் திரியிட்ட விளக்கு. வானொலியை இயக்க, மிதிவண்டியைத் தாங்கியில் நிறுத்தி, அதன் முன்விளக்குக்குரிய 'தைனமோ' என்னும் சிறு மின்பிறப்பாக்கியின் கம்பியை வானொலியிற் பொருத்தி, மிதியைக் கையாற் சுழற்றினர். சுற்றும் கை தளர்ந்தாற் குரலும் தளர்ந்து மங்கும். செய்தி முடியும்வரை ஒருவர் மாறி ஒருவர் சுற்றுவர். மற்றைய காலங்களிற் கைவேலைக்குக் கதை துணையாயிற்று. அக்காலத்தில் கேட்பதற்கே கை வேலைசெய்ய வேண்டியிருந்தது. செய்திக்குப் பின் சற்று நேரம் நாடகமும் கேட்போம் என்று பிள்ளைகள் கெஞ்சியபோது, சுற்றுபவர் எவ்வளவு நேரம் இசைந்தார் என்பது அவரவர் தோளின் வலிமையைப் பொறுத்தது.

இன்று மின்சாரத்துக்குக் குறைவில்லை. பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டு, ஓலைத் தொழிலுக்குப் பயிற்சியும் விற்பனை வாய்ப்பும் தேடித்தந்து வருகின்றது. ஆயினும், ஒரு கடகத்துக்குச் செல்லும் நேரத்தையும் அதன் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர், இத்தொழிலில் ஏன் இளையோர் நிற்பதில்லை என வியக்கமாட்டார். கதை கூலியை உயர்த்தாது. இதனைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்; ஏனெனில், வேலை இனிதாய் இருக்கின்றதே என்று கூறிக் கூலியைக் குறைப்பார் உலகில் என்றும் உளர். அவானாவிற் கூலிக்காகப் போராடியவர்களே வாசிப்பவருக்கும் பணம் கொடுத்தனர். ஒன்றுக்கு மற்றொன்றை ஈடாகக் கொள்ள அவர்கள் இசையவில்லை.

ஒலிநூல் வந்ததனால் நேர்ந்த இழப்பு ஒன்றுண்டு. திண்ணையில் ஒருத்தி வாசிக்க ஐவர் இழைத்த காலத்தில், ஐவரும் ஒரே வேளையிற் சிரித்தனர். ஒரே இடத்தில், 'ஐயோ, அவன் அந்தக் கதவைத் திறக்கக்கூடாதே' என்றனர். வாசிப்பவள் சொல்லொன்றைப் பிழையாக வாசித்தால் கிழவி ஒருத்தி திருத்துவாள். இன்று ஐவர் காதிலும் ஐந்து காதொலிப்பான்கள், ஐந்து கதைகள். அருகிருப்பவள் எந்தத் தீவில் இருக்கின்றாள் என்பது மற்றவளுக்குத் தெரியாது. செவியிற் செருகியதைக் கழற்றி, கைத்தொலைபேசியை வெறுங் கடகத்துக்குள் வைத்தால், கடகமே ஒலியைத் திரட்டித் திண்ணை முழுவதும் கேட்கச் செய்யும். செலவில்லாத இவ்வுபாயம் நினைவில் வைக்கத்தக்கது.

மற்றொன்று குரல் பற்றியது. தமிழ் ஒலிநூல்களிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டிற் பதிவானவை. அக்குரல்கள் இனியவை, வடமராட்சியில் அவை எவர்க்கும் அயலாய்ப் படுவதில்லை. ஆயினும் சானாவின் நாடகம் தந்த உவகை, அதாவது கதைக்குள் தன் தெருவின் பேச்சே ஒலிக்கக் கேட்கும் உவகை, அவற்றிற் கிடைப்பதற்கில்லை. இதற்குப் பெருஞ் செலவும் வேண்டியதில்லை. கந்தபுராணத்துக்குப் பயன் சொல்லிப் பழகிய முதியோர் குரல் இன்னும் சில கோயில்களிற் கேட்கின்றது. சுருட்டுக் கொட்டிலில் வாசித்தவர்களுள் உயிரோடிருப்பவர் மிகச் சிலராகவே இருப்பர். அவர்கள் வாசித்த முறையில், நிறுத்திய இடத்தில் நிறுத்தி, நீட்டிய இடத்தில் நீட்டி, வேதாளக் கதை ஒன்றேனும் பதிவாகுமாயின், பின்வருவோர் கைவேலைக்கு அது துணையாகும். பார்வையிழந்தோர்க்கும் அது பயன்படும். காலந் தாழ்த்தினால் எழுத்து மிஞ்சும், குரல் மிஞ்சாது.

இழைப்போர் தாமே கண்டுகொண்ட ஒழுங்கு ஒன்று இருக்கின்றது. ஓலை வாரும்போது பாட்டு, அல்லது ஒன்றுமில்லை. அடி தொடங்கும்போது எல்லாம் நிறுத்தப்படும். இழைகளை எண்ணும் வாய்க்கு வேறு சொல் ஆகாது. நாலு மூலையும் மடிந்து சுவர் எழத் தொடங்கியவுடன் கதை தொடங்கும். சுவர் நிறைந்து, பனைமட்டையில் உரித்த நாரால் விளிம்பு பொத்தும் வேளை வந்தால், இளவரசன் எந்தக் குகையில் அகப்பட்டிருந்தாலும் அவனை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். விளிம்பு இறுகாத கடகத்தில் நெல் நில்லாது. அடுத்த கடகத்தின் சுவர் எழும்வரை அவன் காத்திருப்பான்.